நெட்டைக்காலி மேல் கட்டிய பந்தயம்

புல்லைப் பார்க்க ஊட்டிக்கும் மேலே போக வேண்டும் என்று எங்கள் ஃபிளாட் செயலாளர் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். கொரட்டூரில் நான் அரை டிராயர் போட்டுத் திரிந்த காலத்தில் எங்கு திரும்பினாலும் புல்தான். அதன்மேல் மண் அடித்து, மனை பிரித்து, ஃபிளாட் கட்டி இவர்களுக்கு விற்றார்கள். இவர்களும் வாங்கினார்கள். இப்போது இவர்களுக்குப் புல் வேண்டுமாம். சும்மா கிடக்கிற புல் ஆகாதாம், காவல் போட்டுப் பாதுகாக்கிற புல்லாக இருக்க வேண்டுமாம்.

எங்கள் பழைய வீடு இருந்த இடத்தில்தான் அந்த ஃபிளாட் நிற்கிறது. இடத்தைக் கொடுத்ததற்குப் பதிலாக பில்டர் எங்களுக்குத் தரைத்தளத்தில் ஒரு வீடு ஒதுக்கினார். மேலே இருக்கிறவர்கள் எல்லாம் திருநெல்வேலி, மதுரை, சேலம் என்று ஊர் ஊராக வந்து கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள். என்னை அவர்கள் "லோக்கல் சார்" என்று கூப்பிடுவார்கள். தண்ணீர் லாரி வராத நாளில் மட்டும் அந்த "சார்" கொஞ்சம் நீளும்.

நான் பாடியில் ஒரு தொழிற்சாலையில் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பிரஸ் ஷாப் என்றால் தகட்டை வைத்து ஒரே அடியில் வடிவம் எடுக்கிற இடம். வீட்டளவு உயரத்துக்கு மிஷின்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு அடிக்கும் தரை ஆடும், பல் ஆடும். அங்கே வாயால் பேசி ஒரு பயனும் இல்லை. அதனால் நாங்கள் கையால் பேசுவோம். முஷ்டியை உள்ளங்கையில் குத்தினால் அடித்த தகடு, அதாவது பீஸ், வந்துவிட்டது என்று அர்த்தம். விரலை விரித்து வெறுங்கையை உதறினால் பீஸ் வரவில்லை, மிஷின் சும்மா ஓடுகிறது. தோளில் இரண்டு விரலை வைத்தால் சூபர்வைசர் வருகிறான். இதை வேலைக்குச் சேருகிறவனுக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்க மாட்டார்கள். வந்த வாரத்திலேயே கை தானாகப் பேசும்.

வீட்டுக்கு வந்தும் என் கை நிற்காது. கல்யாணமான புதிதில் என் மனைவி என்னைப் பார்த்து, "இன்னாய்யா, கொசு அடிக்கிறியா?" என்று கேட்டாள். பிறகு அவளே கற்றுக்கொண்டாள். பிடிக்காத சொந்தக்காரர்கள் தெருமுனையில் தலை காட்டினால் அவள் ஜன்னலருகே நின்று தோளில் இரண்டு விரலை வைப்பாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விடுவேன். வாயால் பேசிச் சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டிகள் ஊரில் நிறைய உண்டு. கையாலேயே பேசி, கையாலேயே சண்டை போட்டு, கையாலேயே சமாதானம் ஆனவர்கள் நாங்கள்.

இத்தனை வருஷம் அந்த அடியைக் கேட்ட காது சும்மா இருக்குமா? காது மந்தமாகிவிட்டது என்று முதலில் சொன்னவள் அவள்தான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. குக்கர் விசில் எனக்குக் கேட்கவில்லை என்றால் குக்கர் பழசு. காலிங் பெல் கேட்கவில்லை என்றால் பேட்டரி போய்விட்டது. அவள் சமையலறையிலிருந்து கூப்பிட்டது கேட்கவில்லை என்றால் அவள் தொண்டை கட்டியிருக்கிறது. என்னிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது.

கடைசியில் இழுத்துக்கொண்டு போய் ஒரு டாக்டரிடம் உட்கார வைத்தாள். டெலிபோன் பூத் மாதிரி ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் என்னை அடைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டுமாம். ஆரம்பத்தில் கப்பல் ஊதுகிற மாதிரி சில சத்தங்கள் வந்தன, அழுத்தினேன். அப்புறம் ஒன்றும் வரவில்லை. ரொம்ப நேரம் காத்திருந்துவிட்டு, வெளியே உட்கார்ந்து சத்தம் அனுப்புகிற பெண் தூங்கிவிட்டதோ என்று கண்ணாடியைத் தட்டினேன். அந்தப் பெண் அவ்வளவு நேரமும் சத்தம் அனுப்பிக்கொண்டுதான் இருந்ததாம்.

"அடிச்சத்தமெல்லாம் உங்களுக்கு நல்லா கேக்குது. மெல்லிசா, கீச்சுன்னு வர்ற சத்தம்தான் போயிடுச்சு" என்றார் டாக்டர். "மிஷின் வெச்சுக்குங்க. தள்ளிப் போட்டீங்கன்னா மூளை அந்தச் சத்தத்தையே மறந்துடும். அப்புறம் மிஷின் வெச்சும் புண்ணியம் இல்ல."

வாழ்க்கை முழுக்க மிஷினோடு மாரடித்தவனுக்கு ஓய்வு பெற்ற பிறகு காதுக்குள்ளும் ஒரு மிஷினா? பூம் பூம் மாடு மாதிரி காதில் தொங்கவிட்டுக்கொண்டு கொரட்டூர் ஸ்டேஷன் ரோட்டில் நடக்க நான் தயாராக இல்லை. டாக்டருக்கு மிஷின் கம்பெனியோடு ஏற்பாடு இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அவள் விட்டிருப்பாள். ஆனால் பேத்தி விஷயம் வந்தது. மகள் பெங்களூரில் இருக்கிறாள். பேத்திக்கு நான்கு வயது, குரல் கம்பி மாதிரி. போனில் அவள் பேசுவது எனக்கு ஒரு வார்த்தை பிடிபடாது. ஆனால் குழந்தையிடம் "கேட்கவில்லை" என்று சொல்ல எனக்கு மனசு வராது. "ஆமாண்டா கண்ணு", "அப்படியா", "ரொம்ப நல்லா கீது" என்று மாற்றி மாற்றிப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அப்படித்தான், "ரொம்ப நல்லா கீதுடா கண்ணு, தாத்தாவுக்கு சந்தோஷம்" என்றேன். குழந்தை போனைக் கீழே வைத்துவிட்டு ஓடிவிட்டது. ஸ்கூலில் கீழே விழுந்து கை உடைந்து கட்டுப் போட்டிருக்கிறது என்று அது சொல்லியிருக்கிறது.

அன்றைக்கு என் மனைவி என்னிடம் வாயாலும் பேசவில்லை, கையாலும் பேசவில்லை.

இந்த நிலைமையில்தான் செயலாளர் வாட்ஸாப்பில் மலைப் பயணத்தை அறிவித்தார். செயலாளர் திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளை, வயது நாற்பதுக்குள். லிப்ட் ரிப்பேர் ஆனால்கூட கைகூப்பும் படம் போட்டுத்தான் செய்தி அனுப்புவார். கோடை விடுமுறைக்கு நீலகிரியின் மேல்தட்டில் பாதுகாக்கப்பட்ட ஒரு மலைக்காட்டுக்குப் போகிறோம், நதிகள் பிறக்கிற இடம், புல்வெளி, அபூர்வப் பறவைகள், "வாங்க, நேச்சரோடு பேசலாம்" என்று எழுதியிருந்தார். பக்கத்து வீட்டுக்காரனோடு பேசாதவர்கள் நேச்சரோடு என்ன பேசப் போகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. கூடவே ஒரு பறவையின் குரலையும் பதிவு செய்து அனுப்பியிருந்தார். நீலகிரி நெட்டைக்காலி என்று அதற்குப் பெயர். அந்தப் பக்கத்து மலைகளின் மேட்டுப் புல்லில்தான் இருக்குமாம், உலகத்தில் வேறு எங்கும் கிடையாதாம்.

என் மனைவி போனை என் காதருகே வைத்தாள். "கேளு. எவ்ளோ நல்லா கீது பாரு" என்றாள்.

எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. "போன் ஸ்பீக்கர் அவுட்டு" என்றேன்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

"போன்ல கேக்கறதெல்லாம் ஒரு கேள்வியா? பறவைன்னா நேர்ல கேக்கணும். நேர்ல கூவட்டும், எனக்குக் கேக்குதா இல்லியான்னு அப்பால பேசு."

அவள் போனைக் கீழே வைத்தாள். "சரி, நேர்லயே போலாம். அது கூவி உனக்குக் கேட்டுதுன்னா மிஷின் பேச்சை நான் எட்க்க மாட்டேன். கேக்கலைனா மறுபேச்சு இல்லாம நீ மிஷின் மாட்டணும். இன்னா சொல்றே?"

"பந்தயம்" என்றேன். வாய்தான் எனக்கு எப்போதும் முதலில் போகும்.

அப்படித்தான் நான் புல் பார்க்கக் கிளம்பினேன். சாயங்காலம் ஃபிளாட் வாசலில் வேன் வந்து நின்றது. நேச்சரோடு பேசப் போகிறவர்கள் எல்லோரும் ஒரே பச்சை நிறத்தில் பனியன் போட்டிருந்தார்கள், முதுகில் மரம் படம். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். நான் அதை மடித்து உட்காருகிற இடத்தில் போட்டுக்கொண்டேன். டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் சுற்றி நடுரோட்டில் உடைத்தார்கள். அதில் ஒரு டெலிவரிப் பையன் வண்டி வழுக்கி, வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போனான். அதையும் வாழ்த்தாக எடுத்துக்கொண்டு வேன் கிளம்பியது. பாடி மேம்பாலம் ஏறுவதற்குள் செயலாளர் தண்ணீர்க் குடம் அளவுக்கு ஒரு ஸ்பீக்கரை எடுத்து மடியில் வைத்தார். குத்துப்பாட்டு ஆரம்பித்தது. பூந்தமல்லி தாண்டுவதற்குள் புளியோதரைப் பொட்டலம் பிரித்தாகிவிட்டது.

அந்த ஸ்பீக்கரின் அடி எனக்கு அட்சரம் பிசகாமல் கேட்டது. டம் டம் டம் என்று நெஞ்சுக்கூட்டில் விழுந்தது. கேட்க வேண்டாததை எல்லாம் கேட்கிற காதை ஆண்டவன் எனக்கு மிச்சம் வைத்திருக்கிறான். பார்த்தாயா, நன்றாகக் கேட்கிறது என்று மனைவியிடம் முஷ்டியை உள்ளங்கையில் குத்திக் காட்டினேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு தூங்கப் போய்விட்டாள்.

மலை ஏறியதும் செக்போஸ்ட்டில் வேனை நிறுத்தி பிளாஸ்டிக் பாட்டில்களைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். நல்ல காரியம்தான். ஆனால் எங்கள் ஆட்கள் பட்ட வருத்தத்தைப் பார்க்க வேண்டுமே! பிள்ளையைப் பிடுங்கியது போல நின்றார்கள். தங்கின விடுதிக்கு 'மௌனம்' என்று பெயர். சுவரெல்லாம் "அமைதி காக்கவும்" என்று பலகை மாட்டியிருந்தது. பின்கட்டில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து அறையில் தேனிலவுக்கு வந்த ஒரு ஜோடி, யார் சார்ஜரை மறந்து வந்தது என்று விடிய விடியச் சண்டை போட்டது. இரண்டும் அடித்தொண்டைக் குரல் என்பதால் அதுவும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

மறுநாள் காலையில் காட்டுக்குள் போகிற வண்டியில் எங்களை ஏற்றினார்கள். கூட வந்த வழிகாட்டி அந்த ஊர்க்காரர், குல்லாயும் ஸ்வெட்டரும் போட்டிருந்தார். எத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாரோ, மனப்பாடமாக ஒப்பித்தார். "வலது பக்கம் பார்த்தா சோலைங்க, இடது பக்கம் பார்த்தா புல்வெளிங்க, மழைத் தண்ணிய இந்தப் புல்லு பஞ்சு மாதிரி உறிஞ்சி வெச்சுக்கிட்டு வருஷம் பூரா கொஞ்சம் கொஞ்சமா விடும்ங்க." பாதியில் அவருக்கு போன் வந்தது. பேசி முடித்துவிட்டு, "வருஷம் பூரா" என்ற இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.

ஆறு பிறக்கிற இடத்தைக் காட்டினார்கள். எங்கள் தெருவில் மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிய பள்ளம் அதைவிட அகலம். புல்லுக்கு நடுவே ஒரு தண்ணீர்க் கம்பி ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அதன் முன்னால் பச்சைப் பனியன்கள் வரிசையில் நின்று ஒவ்வொருவராக போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நான் குனிந்து கை நனைத்தேன். குளிர் எலும்பில் ஏறியது. அடியில் கிடந்த கூழாங்கல் தெளிவாகத் தெரிந்தது. கூவத்தை மட்டுமே பார்த்து வளர்ந்தவனுக்கு நாற்றம் இல்லாத ஆற்றை ஆறு என்று நம்பக் கொஞ்சம் நேரம் பிடிக்கிறது. நம்பின பிறகு கோபம் வருகிறது. இங்கே ஆற்றுக்கு வாயில்காப்போன் போட்டிருக்கிறார்கள், எங்கள் ஊரில் அதே ஆளைப் போட்டால் அவனே குப்பையைக் கொட்டுவான்.

அப்புறம் புல்வெளி வந்தது. இந்த இடத்தில் நான் நேர்மையாக ஒன்று சொல்லிவிட வேண்டும். கேலி செய்ய வாயெடுத்தேன், வரவில்லை. மேடு மேடாக, கண் எட்டுகிற வரைக்கும், ஒரு கம்பம் இல்லை, ஒரு ஒயர் இல்லை. மடிப்புகளில் மட்டும் கருப்பாகச் சோலை அடைந்து கிடந்தது. காற்று அடித்தால் மொத்த மலையும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. எங்கள் அப்பா அடுத்தவன் வயலில் களை பிடுங்கி முதுகு ஒடிந்தவர். புல் என்றாலே பிடுங்க வேண்டியது என்றுதான் எங்கள் வீட்டில் பேச்சு. இப்படி யாரும் பிடுங்காமல் விட்ட புல்லை நான் பார்த்ததில்லை. ஒரு நிமிஷம் பிடித்திருந்தது. அதற்குள் செயலாளர், "ஸ்க்ரீன் சேவர் மாதிரியே இருக்குல்ல!" என்றார். என் கோபம் எனக்குத் திரும்பக் கிடைத்தது.

வழிகாட்டி ஒரு பாறைத் திட்டைக் காட்டினார். "இங்கதாங்க நெட்டைக்காலி வரும். யாரும் பேசாம நிக்கணும். போனை அணைச்சிடுங்க."

அது சிரித்துக்கொண்டே கட்டின பந்தயம். ஆனால் அந்த இடத்தில் நிற்கும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. டாக்டர் சொன்னது பொய்யாக வேண்டும், அந்தப் பறவை ஒரே ஒரு தடவை என் காதில் விழ வேண்டும், விழுந்தால் பேத்தியின் குரலும் என்றைக்காவது விழும் என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். எந்தக் கோயிலிலும் நான் அப்படி நின்றதில்லை.

மனைவி என் தோளைப் பிடித்து மலையைப் பார்த்துத் திருப்பி நிறுத்தினாள். "எங்க மூஞ்சிய பாத்தியானா ஏமாத்திடுவே. மத்தவங்க சிரிச்சா நீயும் சிரிப்பே, உன்ன தெரியாதா எனக்கு? அந்தப் பக்கமா பாத்துகினே நில்லு. கேட்டுதுன்னா கைய தூக்கு. நீ தூக்கினது சரியா இல்லியான்னு நான் சொல்றேன்" என்றாள். பறவை கூவியிருந்தால் அவள் முஷ்டியை உள்ளங்கையில் குத்துவாள், கூவவில்லை என்றால் வெறுங்கையை உதறுவாள். அதுதான் எங்களுக்குள் ஏற்பாடு.

செயலாளர் தன் பைனாகுலரைக் கழற்றி என் கழுத்தில் மாட்டிவிட்டார். கேட்காமலே கொடுத்தார். வேனில் யாருக்கும் அதைத் தொடக்கூட விடாத ஆள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

காற்று நின்றது. ஒரு கையால் பைனாகுலரைப் பிடித்து பாறையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு புல்லுக்குள்ளிருந்து ஒன்று ஓடி வந்து பாறைமேல் ஏறியது. இதற்காகவா இவ்வளவு தூரம் என்று தோன்றியது. மண் நிறத்தில், நம் ஊர்ச் சிட்டுக்குருவியைக் கொஞ்சம் இழுத்துவிட்டு, கால் மட்டும் நீட்டி வைத்தது போல ஒரு பறவை. கொண்டை இல்லை, வண்ணம் இல்லை. உலகத்திலேயே அபூர்வமாம்! அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்டு விட்டு வருகிற கூட்டத்தில் விட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அது நிமிர்ந்தது. தொண்டை உப்பியது. வாயைத் திறந்தது.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

மூடியது. மறுபடி திறந்தது. வால் ஆடியது, தொண்டை துடித்தது, உள்வாய் நிறம்கூட எனக்குத் தெரிந்தது. அதன் உடம்பு முழுக்கப் பாடிக்கொண்டிருந்தது. என் பக்கத்தில் ஓடையின் சத்தம் கேட்டது. யாரோ செருப்பை நகர்த்தியது கேட்டது. என் மூச்சு கேட்டது. அது மட்டும் கேட்கவில்லை. டிவியில் சத்தத்தை அணைத்துவிட்டு யாரோ எனக்கு அந்தப் பறவையைக் காட்டுவது போல இருந்தது. எவ்வளவு நேரம் பாடியதோ, பறந்து புல்லுக்குள் இறங்கிவிட்டது. என் இன்னொரு கை தூக்கப்படாமலே தொங்கிக்கொண்டிருந்தது.

திரும்பினேன். வெற்றி பெற்றவளின் முகத்தைப் பார்க்கத் தயாராகித்தான் திரும்பினேன். எத்தனை மாதமாக அவள் போராடுகிறாள். குத்தட்டும், உள்ளங்கை சிவக்கக் குத்தட்டும் என்று நினைத்தேன்.

அவள் விரல்களை விரித்து வெறுங்கையை உதறினாள். பீஸ் வரவில்லை.

நான் அவளையே பார்த்தேன். அவள் இன்னொரு தடவை உதறினாள். "கூவவே இல்லய்யா அது. சும்மா குந்திகினு பூட்ச்சு" என்றாள்.

பைனாகுலரில் அதன் வாய் வரைக்கும் தெரியும் என்று அதில் ஒரு தடவைகூடக் கண் வைத்துப் பார்க்காத அவளுக்குத் தெரியாது. வெறுங்கண்ணுக்கு அது ஒரு புள்ளி. எனக்கும் புள்ளிதான் தெரிந்திருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அவளுக்குப் பின்னால் பச்சைப் பனியன்கள் நின்றன. யாரும் "வாவ்" என்று சொல்லவில்லை. காக்கா பறந்தாலே கை தட்டுகிற கூட்டம் அது. ஒரு பெண் தன் குழந்தையின் வாயைக் கையால் பொத்தியிருந்தாள். செயலாளர் முன்னால் வந்தார். முகத்தை எனக்கு நேராக வைத்து, உதடு நன்றாகத் தெரியும்படி வாயைத் திறந்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "இன்னைக்கு அது சத்தமே போடல சார்."

அவர் என்னிடம் ஒரு நாளும் அப்படிப் பேசியதில்லை. போனைப் பார்த்துக்கொண்டே முணுமுணுப்பதுதான் அவர் வழக்கம். காலையில் நான் வெந்நீருக்குக் காத்து நின்ற நேரத்தில் அவள் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள் என்று புரிந்தது. பந்தயத்தை, காதை, பேத்தியை, எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். என்ன சொல்லி வைத்தாள் என்று நான் கேட்கவில்லை. அவருக்குக் கேக்கலைனா நீங்களும் கேக்காத மாதிரி இருங்க என்றுதான் சொல்லியிருப்பாள்.

எனக்கு வந்தது அவமானம். என்னைப் பார்த்துப் பரிதாபப்பட இந்தக் கூட்டத்துக்கு யார் அதிகாரம் கொடுத்தது? பூசணிக்காய் உடைத்து ஆளை வழுக்கி விழ வைப்பவர்கள், ஆற்றங்கரையில் வரிசை கட்டுகிறவர்கள், புல்லை ஸ்க்ரீன் சேவர் என்பவர்கள். அவர்கள் எல்லோரும் சேர்ந்து எனக்காக வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். அந்த மலையில் ஏறியதிலிருந்து அவர்கள் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அதுதான். அதையும் எனக்குச் செய்தார்களே என்றுதான் தாங்க முடியவில்லை.

"பரவால்ல. அதுக்கு மூட் இல்ல போல" என்றேன். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை. எல்லோரும் அளவுக்கு மீறிச் சிரித்தார்கள். வழிகாட்டி மட்டும் ஒன்றும் புரியாமல், "இல்லீங்களே, இப்பதானுங்க..." என்று ஆரம்பித்தார். செயலாளர் அவர் தோளில் கை போட்டுத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

இறங்கும்போது வேனில் பாட்டுப் போடவில்லை. குடம் மாதிரி ஸ்பீக்கர் செயலாளர் மடியில் சும்மா கிடந்தது. யாரும் கேட்கவும் இல்லை. வளைவுகளில் இன்ஜின் உறுமுவதை மட்டும் கேட்டுக்கொண்டு போனோம். அந்த மரியாதை எனக்குப் பொறுக்கவில்லை. "இன்னாப்பா, சாவு ஊட்லேந்தா வர்றோம்? பாட்ட போடுங்க" என்று கத்தினேன். செயலாளர் திரும்பி என் மனைவியைப் பார்த்தார். அவள் தலையை அசைத்ததும் போட்டார். மெதுவாகத்தான் போட்டார்.

மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பாட்டு ஓடுகிற துணிச்சலில் என் பக்கம் சாய்ந்து, "பந்தயம் செல்லாது. அது கூவினாத்தானே கணக்கு. மிஷினும் வாணாம், ஒண்ணும் வாணாம், உட்டுடு" என்றாள். அவள் உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பேசாமல் இருந்திருக்கலாம். பேத்தியிடம் ஓட்டியது போல இதையும் ஓட்டியிருக்கலாம். என்னால் முடியவில்லை.

"வாய தொறந்துச்சு. பைனாகுலர்ல பாத்தேன்" என்றேன்.

அவளுக்குக் கண் நிறைந்து வழிந்தது. துடைத்துக்கொள்ளாமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். தேயிலைத் தோட்டங்கள் போயின, பாக்கு மரங்கள் வந்தன. எனக்கு அவள் மேல் கோபம் இல்லை. ஜெயிக்க வேண்டியவள், ஜெயித்த பிறகு தோற்றுக் காட்டினாள். அப்படி ஒருத்தியிடம் எப்படிக் கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை.

"ரொம்ப நேரம் கூவுச்சா?" என்று கேட்டேன்.

தலையை ஆட்டினாள்.

"எப்டி கூவுச்சு? கூவிக் காட்டு."

"அய்ய, எனக்கு எங்க வரும்? வேன்ல அல்லாரும் கீறாங்க."

"பாட்டு ஓடுதுல்ல, யாருக்குக் கேக்கப் போவுது? மெதுவா கூவிக் காட்டு. எனக்குத் தெரியணும்."

அவள் முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நிமிர்ந்து உட்கார்ந்து, என் கண்ணைப் பார்த்து, உதட்டைக் குவித்தாள். கழுத்து நரம்பு லேசாக எழுந்தது. பாவம், எனக்காக இந்த வயதில் பறவை மாதிரி உட்கார்ந்திருக்கிறாளே! அவள் மனசு நோகக் கூடாது என்று மட்டும்தான் நினைத்தேன்.

"ரொம்ப நல்லா கீது" என்றேன்.

குவித்த உதடு அப்படியே நின்றது. அவள் பிறகு என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, உதட்டை நன்றாக அசைத்துச் சொன்னாள்.

"யோவ், நான் இன்னும் கூவவே இல்லியே."